வீட்டுப் பட்டறையில் தேய்ந்த பாகங்களைச் சரிசெய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறிய லேத், டிரில்லிங் மெஷின், வைஸ், முடிந்தால் ஒரு வெல்டிங் செட். இவ்வளவு வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பெரிய தொழிற்சாலைக்கு மட்டுமே சாத்தியமான முறைகளை விட்டுவிட்டேன்.

ஒரு பாகம் தேய்ந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

கழுவுவதற்கு முன்னால் பாருங்கள். பலர் கழற்றியதும் டீசலில் முக்கித் துடைத்து வைத்துவிடுகிறார்கள். பாகம் ஏன் தேய்ந்தது என்பதற்கான தடயமெல்லாம் அந்த அழுக்கோடு போய்விடுகிறது. காரணம் தெரியாமல் புதுப் பாகம் செய்து போட்டால், அதுவும் அதே இடத்தில் அதே மாதிரி தேயும்.

புஷ்ஷின் (ஷாப்ட் எனும் சுழலும் தண்டைத் தாங்கும் உலோக உறையின்) உள்பக்கம் ஒரே ஓரமாகத் தேய்ந்து ஷாப்ட் சுற்றிலும் சீராக இருந்தால், சுமை ஒரே திசையில் இழுக்கிறது என்று பொருள். பெல்ட் இழுவை பெரும்பாலும் இப்படித்தான் காட்டும். பெல்ட் தேவைக்கு மேல் இறுக்கமா என்று பாருங்கள். நேர்மாறாக ஷாப்ட் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து புஷ் சுற்றிலும் தேய்ந்திருந்தால், சுமை ஷாப்ட்டோடு சேர்ந்து சுற்றுகிறது. புல்லியோ ஃபேனோ பேலன்ஸ் இல்லாமல் ஓடியிருக்கும். புஷ்ஷின் ஒரு முனையில் மேல்பக்கமும் மறுமுனையில் கீழ்ப்பக்கமும் வாய் அகன்றிருந்தால் ஷாப்ட் சாய்வாக ஓடுகிறது.

நிறமும் பேசும். நீலம் பாய்ந்திருந்தால் எண்ணெய் இல்லாமல் சூடேறியிருக்கிறது. பேரிங்கின் உள் வளையத்துக்கும் ஷாப்ட்டுக்கும் நடுவே துருப்போலச் செம்பழுப்புத் தூள் இருந்தால், பொருத்தம் லூசாகி இரண்டும் நுணுக்கமாக உரசிக்கொண்டிருந்தன.

பலரைக் குழப்பும் ஒன்று: மென்மையான வெண்கலப் புஷ் நன்றாக இருக்கிறது, கடினமான எஃகு ஷாப்ட் தேய்ந்திருக்கிறது. மணல், எமரித் தூள் போன்றவை மென்மையான உலோகத்தில் பதிந்து நின்றுகொண்டு, எதிரே சுற்றும் கடினமான பரப்பை அரைத்துத் தள்ளுகின்றன. இந்த நிலையில் ஷாப்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. புஷ்ஷும் போக வேண்டும், தூசி உள்ளே வரும் வழியும் அடைபட வேண்டும்.

அசல் அளவை எப்படிக் கண்டுபிடிப்பது?

எந்தப் பாகத்திலும் தேயாத இடம் ஒன்று மிச்சமிருக்கும். ஷாப்ட்டின் கடைசி முனை, புல்லிக்கு அடியில் இருந்த பகுதி, புஷ்ஷுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சில மில்லிமீட்டர்: அங்கே மைக்ரோமீட்டரை வையுங்கள். பேரிங் உட்காரும் இடமென்றால் எண்ணே சொல்லிவிடும். 04-இலிருந்து மேலே, எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்கினால் உள்விட்டம்: 6205-க்கு 25 மி.மீ., 6206-க்கு 30 மி.மீ. பழைய அங்குல மெஷின்களில் 19.05, 25.4 போன்ற எண்கள் வந்தால் திகைக்க வேண்டாம். அவை முக்கால் அங்குலமும் ஓர் அங்குலமும்.

ஒவ்வொரு இடத்திலும் 90 டிகிரி திருப்பி இரண்டு முறை அளந்து பாருங்கள். நீளத்தில் மூன்று இடமாவது பாருங்கள். நீள்வட்டமாகத் தேய்ந்ததும் கூம்பாகத் தேய்ந்ததும் அப்போதுதான் தெரியும். வெர்னியர் இந்த வேலைக்குப் போதாது.

கடைந்த சூட்டோடு அளக்காதீர்கள். எஃகு ஒரு டிகிரிக்கு மில்லிமீட்டருக்குச் சுமார் 0.000012 மி.மீ. விரியும். 40 மி.மீ. ஷாப்ட் அறையின் வெப்பத்தைவிட 30 டிகிரி கூடுதல் சூடாக இருந்தால் 0.014 மி.மீ. பெரிதாகக் காட்டும். பேரிங் பொருத்தத்தையே கெடுக்க அது போதும்.

எவ்வளவு தேய்ந்தால் கை வைக்க வேண்டும்?

அது எந்த இடம் என்பதைப் பொறுத்தது. எண்ணெயில் ஓடும் சாதாரணப் புஷ்ஷுக்குத் தொடக்கக் கிளியரன்ஸ் (ஷாப்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே விடும் இடைவெளி) விட்டத்தில் ஆயிரத்தில் ஒன்று முதல் இரண்டு பங்கு, 25 மி.மீ. ஷாப்ட்டுக்கு 0.025 முதல் 0.05 மி.மீ. அது இரண்டு மூன்று மடங்கானாலும் மெதுவாக ஓடும் மெஷின் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். பேரிங் உட்காரும் இடம் அப்படியல்ல. இறுக்கமாக இருக்க வேண்டிய இடத்தில் 0.02 மி.மீ. லூசு வந்தாலே உள் வளையம் நழுவிச் சுற்ற ஆரம்பிக்கும். ஆயில் சீலின் (எண்ணெய் ஒழுகாமல் ஷாப்டைச் சுற்றி நிற்கும் வளையத்தின்) உதடு உரசும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள்; நகம் மாட்டினால் எத்தனை புதுச் சீல் போட்டாலும் ஒழுகும்.

சீல் பள்ளத்துக்கு எளிய வழி உண்டு. எஸ்கேஎஃப் ஸ்பீடி ஸ்லீவ் போன்ற 0.28 மி.மீ. தடிமனுள்ள ஸ்டெயின்லெஸ் உறையை ஷாப்ட் மேல் ஏற்றிவிடலாம். அதே அளவு சீலே பொருந்தும். இல்லையென்றால் சீலை இரண்டு மில்லிமீட்டர் உள்ளேயோ வெளியேயோ தள்ளி உட்கார வைக்க இடமிருக்கிறதா பாருங்கள். அதற்கு ஒரு காசும் ஆகாது.

பேரிங் உட்காரும் இடம் லூசாகிவிட்டது. பஞ்ச் வைத்துச் சுற்றிலும் குத்திவிட்டால் போதுமா?

போதாது. பஞ்ச் குத்தும்போது எழும்பும் மேடுகளின் நுனி மட்டும்தான் பேரிங்கைத் தொடுகிறது. சில நாளில் அந்த நுனிகள் நசுங்கி, முன்பைவிட லூசாகும். அதோடு பேரிங் மையம் விலகி உட்காரும். நர்லிங் பிடிப்பதும் (பரப்பில் சொரசொரப்பான வரிகள் பதித்து மேடாக்குவது) இதே வகைதான்.

லூசு 0.1 மி.மீ.க்குள் இருந்தால் ரீட்டெயினிங் பசையே நல்ல தீர்வு. லாக்டைட் 638 போன்றவை காற்றில்லாத இடத்தில் உலோகத்தைத் தொட்டு இறுகுபவை. இரண்டு பரப்பிலும் எண்ணெய்ப் பசை துளிகூட இருக்கக் கூடாது. ஸ்டெயின்லெஸ்ஸில் மெதுவாக இறுகும், ஆக்டிவேட்டர் தேவைப்படும். ஒட்டிக் காயும்வரை பேரிங் சாயாமல் நேராக நிற்க வேண்டும். முழு வலிமைக்கு 24 மணி நேரம் கொடுங்கள். பிறகு கழற்ற வேண்டுமென்றால் 250 டிகிரிவரை சூடேற்ற வேண்டியிருக்கும், அந்தப் பேரிங் அதோடு முடிந்தது.

அதற்கு மேல் தேய்ந்திருந்தால் ஸ்லீவ், அதாவது ஷாப்ட் மேல் ஏற்றும் உறை. 6206 பேரிங் உட்காரும் 30 மி.மீ. ஷாப்ட் 29.8-க்குத் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஷாப்டை நான்கு தாடை சக்கில் பிடித்து, தேயாத பகுதியில் டயல் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) வைத்து மையம் பாருங்கள். தேய்ந்த பகுதியை நம்பி மையம் பார்த்தால் கோணலும் சேர்ந்தே வரும். பிறகு 26 மி.மீ.க்குக் கடையுங்கள். தோள் சேரும் மூலையைக் கூர்மையாக விடாமல், மூக்கு உருண்ட டூலால் 1 மி.மீ. ஆரம் விட்டுக் கடையுங்கள். ஷாப்ட் முறிவுகள் பெரும்பாலும் அந்த மூலையில்தான் பிறக்கின்றன. ஸ்லீவை 26.06 உள்விட்டத்துக்குப் போரிங் செய்து, மூலை ஆரத்தில் மோதாதபடி வாயைச் சரிவாக வெட்டிவிடுங்கள். வெளிவிட்டம் 31-லேயே இருக்கட்டும். பசை போட்டு, திருகியபடி ஏற்றி, ஒரு நாள் விடுங்கள். மறுநாள் இரண்டு சென்டருக்கு நடுவே வைத்து 30.002-க்கும் 30.015-க்கும் இடையில் முடியுங்கள். வெளிப்பரப்பைக் கடைசியில் முடிப்பதுதான் இதில் முக்கியம். முன்பே முடித்த ஸ்லீவை ஏற்றினால், பசை இடைவெளியின் கோணல் அப்படியே பேரிங்குக்குப் போகும்.

செய்யலாமா என்று தீர்மானிக்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். வளைவைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு போகிறது. 30-ஐ 26 ஆக்கினால் மிச்சம் 65 சதவீதம்தான். பசையால் ஒட்டிய ஸ்லீவ் அந்த இழப்பை ஈடுகட்டாது. பெல்ட் பலமாக இழுக்கும் முனையாக இருந்தால் புது ஷாப்ட் கடைவதே சரி.

ஷாப்டை வெல்டிங் வைத்து நிரப்பிக் கடையலாமா?

சுமை குறைவான இடத்தில் சாதாரண மைல்டு ஸ்டீல் ஷாப்ட்டுக்குச் செய்யலாம். ஆனால் மெஷின் ஷாப்ட்கள் பெரும்பாலும் 0.4 முதல் 0.45 சதவீதம்வரை கரி உள்ள சி45, ஈஎன்8 வகை. குளிர்ந்த ஷாப்ட்டில் நேராக வெல்டு வைத்தால் வெல்டுக்கு அடியில் கண்ணாடிபோல் முறுகி, பிறகு விரிசல் விடும். 200 டிகிரிவரை சூடேற்றி, ஈரமில்லாத 7018 எலக்ட்ரோடால் வைத்து, சாம்பலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து மெல்ல ஆற விடுங்கள். பட்டையை நீளவாக்கில் வையுங்கள். ஒன்று வைத்தால் அடுத்ததை அதற்கு நேர் எதிர்ப்பக்கம் வையுங்கள். இல்லையேல் ஷாப்ட் வளையும். எர்த் கிளாம்ப் வெல்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். மின்சாரம் பேரிங் வழியாகப் போனால் அதன் பாதையில் குழிகள் விழும்.

கடையும்போது முதல் வெட்டே மேல்தோலுக்கு அடியில் போகுமளவு ஆழமாக இருக்க வேண்டும், கார்பைடு டூல் வேண்டும். மேலோட்டமாக உரசினால் டூல் முனை உடனே போய்விடும்.

என்னைக் கேட்டால், புது ஷாப்ட் கடைய முடிகிற இடத்தில் வெல்டிங்கைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். ஹவுசிங்கோடு ஒன்றாக வார்த்த முனை, கழற்ற முடியாத அச்சு போன்றவற்றுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

புஷ் செய்ய எந்த உலோகம்? அளவு எப்படி?

ஈயம் கலந்த வெண்கலம், பட்டறைகளில் கன்மெட்டல் என்ற பெயரில் கிடைக்கும் கலவைகள், வீட்டு வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குப் போதும். கடினமாக்காத ஷாப்டையும் கெடுக்காது. அலுமினியம் வெண்கலம் பெருஞ்சுமைக்கு நல்லது, ஆனால் எதிரே கடினமான ஷாப்ட் வேண்டும். பித்தளையைத் தவிருங்கள். வார்ப்பிரும்பைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. மெதுவாகச் சுற்றும் இடத்தில் எண்ணெய் தவறாமல் கிடைத்தால் அது நெடுநாள் ஓடும்.

வெளிவிட்டத்தில் 25 மி.மீ.க்கு 0.025 மி.மீ. வீதம் இறுக்கம் விடுங்கள். முன் விளிம்பில் சிறிய சரிவு வெட்டுங்கள். சுத்தியலால் அடிக்காமல், நீண்ட போல்ட், நட்டு, இரண்டு தடித்த வாஷர் வைத்து இழுத்து ஏற்றுங்கள். ஏறியதும் உள்விட்டம் சுருங்கும், ஏறக்குறைய கொடுத்த இறுக்கத்தின் அளவுக்கே. அதனால் முன்கூட்டியே உள்ளளவை முடிக்காமல் 0.3 மி.மீ. குறைவாக விட்டு, ஏற்றிய பிறகு ரீமரோ (துளையைத் துல்லிய அளவுக்குச் சீவும் கருவி) போரிங்கோ செய்யுங்கள். இரண்டு புஷ் ஒரே ஷாப்டைத் தாங்கினால் ஒரு புஷ்ஷை வழிகாட்டியாக வைத்து மற்றதை ரீம் செய்யுங்கள்.

எண்ணெய்த் துளை சுமை விழாத பக்கத்தில் வர வேண்டும். சுமை அழுத்தும் பக்கத்தில் துளை போட்டால் எண்ணெய் உள்ளே போகாது, பிதுங்கி வெளியேதான் வரும். பள்ளத்தை இரு முனைவரை வெட்டித் திறந்துவிடாதீர்கள்.

எண்ணெய் ஊறிய சின்டர்டு (உலோகத் தூளை அழுத்திச் சூடேற்றிச் செய்த) புஷ் வேறு சாதி. அதன் உள்பரப்பை ரீமரால் தேய்த்தால் எண்ணெய் கசியும் நுண்துளைகள் அடைபடும். சரியான அளவில் மெருகேற்றிய கம்பியின் மேல் வைத்து அழுத்தி ஏற்றுங்கள். உள்ளளவு கம்பியின் அளவுக்கே நிற்கும்.

லேத்தில் டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் கைப்பிடியில் நிறைய பிளே (திருப்பினாலும் ஸ்லைடு நகராத வெற்று அசைவு). நட்டு மாற்ற வேண்டுமா?

முதலில் மற்ற இடங்களைப் பாருங்கள். கைப்பிடிக்குப் பின்னால் காலர் உரசும் இடத்தில் லூசு இருக்கலாம். ஒரு மெல்லிய ஷிம் அல்லது காலர் நட்டை ஒரு சிறு திருப்பு திருப்பினால் தீரும். ஜிப் (ஸ்லைடின் பக்க இடைவெளியை அடைக்கும் பட்டை) தளர்ந்தால் ஸ்லைடு பக்கவாட்டில் ஆடும்; அது வேறு நோய், நட்டோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. ஸ்லைடில் டயல் வைத்து, கைப்பிடியை அசையாமல் பிடித்துக்கொண்டு ஸ்லைடை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தால் எது எங்கே என்று பிரிந்து தெரியும்.

எல்லாம் சரியாக இருந்தும் பிளே இருந்தால் நட்டுதான். லேத்தில் 0.2 மி.மீ. பிளேயோடு துல்லியமான வேலை செய்யலாம், ஒரே பக்கமிருந்து அளவுக்கு வரும் பழக்கம் மட்டும் வேண்டும். மில்லிங்குக்கு அப்படியல்ல, கட்டர் மேசையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

புது நட்டு செய்ய வெண்கலத்தில் உள்மரை வெட்டுவது வழக்கமான வழி. சதுரமரை, சரிவுமரைக்கு டேப் கிடைக்காதவர்களுக்கு அசிட்டால் பிளாஸ்டிக்கில் வார்த்தெடுக்கும் வழி இருக்கிறது. டெல்ரின் என்று விற்பது இதில் ஒரு வகை. மெஷினின் திருகை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதே மரையில் ஒரு சிறு துண்டைத் தனியாகக் கடைந்துகொள்ளுங்கள். அசிட்டால் கட்டையை இரண்டாகப் பிளந்து, வைஸ் தாடைகளுக்கு நடுவே நிறுத்துங்கள். திருகுத் துண்டைப் பர்னரில் சீராகச் சூடேற்றி, ஒரு அசிட்டால் துணுக்கால் தொட்டுப் பாருங்கள். பழுப்பு நிறம் தட்டாமல் பளபளப்பாக இளகினால் சரியான சூடு. அசிட்டால் 165 முதல் 175 டிகிரிக்குள் உருகும். உடனே நடுவே வைத்து, இரண்டு பாதியும் சந்திக்கும்வரை வைஸை மெல்ல இறுக்குங்கள். மரை இடுக்கில் பிளாஸ்டிக் பாய்ந்து நிரம்புவது கண்ணுக்குத் தெரியும். முழுதாக ஆறிய பின் திருகைச் சுழற்றி எடுங்கள். முதலில் கையால் அசையாது. எண்ணெய் விட்டு டிரில்லில் மாட்டி முன்னும் பின்னும் சில முறை ஓட்டினால் இளகும். பிறகு அந்தத் துண்டின் மேலேயே நட்டை வைத்து வெளிவிட்டத்தைக் கடையுங்கள். மரைக்கும் வெளிப்பரப்புக்கும் மையம் ஒன்றாக வரும். அசிட்டால் எரிந்தால் ஃபார்மால்டிஹைடு வரும், அதன் சுடர் வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது. திறந்தவெளியில் செய்யுங்கள்.

புது நட்டு திருகின் முனையில் இறுக்கமாகவும் நடுவில் லூசாகவும் ஓடினால், திருகும் தேய்ந்திருக்கிறது. அதிகம் புழங்கும் நடுப்பகுதிதான் தேயும். அப்போது திருகையும் மாற்றாமல் தீராது.

கீவே (புல்லியை ஷாப்ட்டோடு பூட்டும் கீ உட்காரும் பள்ளம்) அகன்றுவிட்டது.

ஷாப்ட்டில் அகன்றிருந்தால் அடுத்த அளவுக்கு வெட்டி, இரண்டு அகலமுள்ள படிக்கட்டுக் கீ ராவிப் போடலாம். 22 முதல் 30 மி.மீ. ஷாப்ட்டுக்கு 8 மி.மீ. அகலக் கீ வழக்கம். அதற்கு மேல் 38 வரை 10. இடமிருந்தால் எதிர்ப்பக்கம் புதுக் கீவே வெட்டுவது இதைவிட நல்லது. எதுவானாலும் புல்லி ஷாப்ட் மேல் லூசாக இருந்தால் கீ மட்டும் தாங்காது. கீவே அகன்றதற்குக் காரணமே பெரும்பாலும் அந்த லூசுதான்.

மரை அழிந்துவிட்டது. பெரிய போல்ட் போட்டுவிடலாமா?

சுவர் தடிமன் இருந்தால் போடலாம். அளவு மாறக் கூடாதென்றால் ஹெலிகாயில் சுருள் (துளைக்குள் ஏற்றும் கம்பி மரை) போடுங்கள். அலுமினியத்தில் அசல் மரையைவிடவும் நன்றாகத் தாங்கும். மென்மையான உலோகத்தில் மரை ஆழம் விட்டத்தைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்கட்டும்.

கியரில் ஒரு பல் உடைந்துவிட்டது.

முதலில் எந்தக் கியர் என்று கண்டுபிடியுங்கள். வெளிவிட்டத்தைப் பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி வகுத்தால் மாடியூல் (பல்லின் அளவைச் சொல்லும் எண்): 42 பல், வெளிவிட்டம் 66 மி.மீ. என்றால் 66-ஐ 44-ஆல் வகுக்க 1.5. விடை 1.27 வந்தால் அது 1.25 மாடியூல் அல்ல, அங்குல முறையில் 20 டிபி (டயமெட்ரல் பிட்ச், ஓர் அங்குல விட்டத்துக்கு எத்தனை பல் என்ற அளவு). இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். ஜோடி சேர்த்தால் கரகரவென்று ஓடிச் சீக்கிரம் தேயும்.

மெதுவாக ஓடும் கியரென்றால், உடைந்த பல்லின் அடியில் புறாவின் வால் வடிவில் (வாய் குறுகி அடி அகன்ற) பள்ளம் வெட்டி, எஃகுத் துண்டைச் செருகி, பிரேசிங் (அடிப்படை உலோகம் உருகாமல், முன்னதாகவே உருகும் கம்பியால் ஒட்டுவது) வைத்து, பக்கத்துப் பல்லின் அச்சு அட்டையை வைத்து ராவி எடுக்கலாம். ஒரு பல்லுக்கு மேல் போயிருந்தால் புதுக் கியரே வெட்டுங்கள்.

வார்ப்பிரும்பில் விரிசல்.

விரிசலின் இரு முனையிலும் சிறு துளை போட்டு அது ஓடுவதை முதலில் நிறுத்துங்கள். அழுத்தமோ அதிர்வோ அதிகம் இல்லாத இடத்தில் வெண்கலப் பிரேசிங்தான் வீட்டுப் பட்டறைக்கு ஏற்றது. பிரேசிங் கம்பி 900 டிகிரியை ஒட்டி உருகும். வார்ப்பிரும்பு 1150-ஐத் தாண்டித்தான் உருகும். ஆகவே அடிப்படை உலோகம் உருகாமலே ஒட்டிவிடுகிறது. பள்ளத்தைக் கிரைண்டரால் முடித்தால் அதிலுள்ள கிராஃபைட் பரப்பெங்கும் பூசிக்கொண்டு பிரேசிங் பிடிக்காது. கடைசியில் அரம் போடுங்கள். பழைய மெஷின்களில் எண்ணெய் ஊறியிருக்கும், சூடேற்றி எரித்து வெளியேற்றுங்கள்.

ஆர்க் வெல்டிங்தான் வழியென்றால் நிக்கல் எலக்ட்ரோடு, 25 மி.மீ.க்கு மேல் போகாத சிறு பட்டைகள், ஒவ்வொன்றும் சூடு தணியும் முன் சுத்தியலால் மெல்லத் தட்டல். மெல்ல ஆற விடுவது இங்கும் கட்டாயம்.

லேத்தின் பெட்டே (டூல் வண்டி ஓடும் தளம்) தேய்ந்திருந்தால்?

பதறுவதற்கு முன் கணக்குப் பாருங்கள். சக்குக்கு அருகில் பெட் 0.05 மி.மீ. கீழே இறங்கியிருந்தால் 40 மி.மீ. விட்ட வேலையில் ஏற்படும் பிழை அளக்கவே முடியாத அளவு சிறியது, டூல் வட்டத்தின் தொடுகோட்டில்தானே இறங்குகிறது. டூல் பக்கவாட்டில் 0.05 விலகினால் கதை வேறு; விட்டத்தில் 0.1 மி.மீ. பிழை. தேய்மானம் எந்தத் திசையில் என்பதுதான் கேள்வி. லேத்தைச் சமன்மட்டம் வைத்து முறுக்கை எடுத்தாலே பாதிக் குறை போய்விடும் மெஷின்கள் உண்டு.

ஸ்கிரேப்பிங் (பரப்பைக் கையால் நுணுக்கமாகச் சுரண்டித் தட்டையாக்குவது) கற்க விரும்பினால் பெட்டில் தொடங்காதீர்கள், சிறிய ஸ்லைடில் தொடங்குங்கள். தட்டைப் பரப்புக்கு மூன்று தட்டு முறையை ஜோசப் விட்வொர்த் 1840-ல் எடுத்துச் சொன்னார். இரண்டு தட்டை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் ஒன்று குழிந்தும் மற்றது மேடாகவும் பொருந்திவிடும். மூன்றாவதோடும் மாற்றி மாற்றிப் பொருத்தினால் மூன்றும் தட்டையானால் மட்டுமே எல்லாம் ஒத்துப்போகும்.

எதை வீட்டில் சரிசெய்யவே கூடாது?

சுமை தூக்கும் கொக்கி, செயின் பிளாக், பிரேக், ஸ்டியரிங், அழுத்தத்தில் இருக்கும் கலன்கள், கிரைண்டர் ஸ்பிண்டிலும் அதன் பிளான்ஜும். இவை முறிந்தால் மெஷின் மட்டும் கெடாது. கடினக் குரோமியப் பூச்சும் வீட்டு வேலையல்ல, அதன் கரைசல் புற்றுநோய் தருவது. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த பாகத்தில் வெல்டிங் வைக்காதீர்கள். ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். லேத்தில் எமரித் தாளை விரலில் சுற்றிப் பிடிக்காதீர்கள், கையுறையும் போடாதீர்கள். சுற்றும் வேலை இழுத்தால் கையையும் சேர்த்தே இழுக்கும்.

பொருத்திய பிறகு எப்படிச் சோதிப்பது?

மோட்டாரைப் போடும் முன் கையால் முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் பிடித்து ஓரிடத்தில் விட்டால் ஷாப்ட் வளைந்திருக்கிறது அல்லது புஷ்கள் நேர்கோட்டில் இல்லை. தாராளமாக எண்ணெய் விட்டு, சுமையில்லாமல் குறைந்த வேகத்தில் அரை மணி ஓட்டி, புஷ் ஹவுசிங்கை வெளியிலிருந்து தொடுங்கள். சில விநாடிகூடக் கை வைக்க முடியாமல் சுட்டால் சூடு 60 டிகிரியை எட்டியிருக்கும், நிறுத்திக் கழற்றுங்கள். உள்ளே பளபளவென்று மின்னும் திட்டுகள்தான் உரசும் இடம். அவற்றை மட்டும் ஸ்கிரேப்பரால் மெல்லச் சுரண்டி, கழுவி, மறுபடி எண்ணெய் விட்டு ஓட்டுங்கள்.